டைப்பிஸ்ட் அம்மாவின் மதிப்பெண்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுடைய சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. நகரத்தின் கிழக்குப் பகுதியில் படுத்த படுக்கையாகவோ பாதிப் படுக்கையாகவோ கிடப்பவர்களுக்கு அவள் குளியலக்கா. நகராட்சியின் வீட்டுப் பராமரிப்புப் பிரிவில் வேலை. தானாகக் குளிக்க முடியாதவர்களை வீடு தேடிப் போய்க் குளிப்பாட்ட வேண்டும், உடை மாற்ற வேண்டும், விரிப்பை உருவிப் புதிதாகப் போட வேண்டும், ஒரு வாய் சாப்பிட வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். கேட்பதற்கு என்னவோ சின்ன வேலைதான். சேர்ந்தவர்களில் பாதிப் பேர் முதல் மாதமே சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவார்கள்.

இவள் நிற்காததற்குக் காரணம் உண்டு. இந்த வேலையை இவள் வீட்டிலேயே, சம்பளம் இல்லாமல் கற்றுக்கொண்டு வந்தவள். கணவன் கட்டடங்களுக்கு வண்ணம் அடிப்பவன். சாரம் சரிந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் கிடந்துதான் போய்ச் சேர்ந்தான். மருத்துவமனையில் இருந்தபோது ஒரு ஊழியர் அவனை வார்டு நடுவில், திரையைக்கூட இழுத்துவிடாமல், பாத்திரம் கழுவுகிற மாதிரிக் கழுவினார். பக்கத்துக் கட்டிலுக்கு வந்த விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். வலியில் மூடினான் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். மனைவிக்குத் தெரியாதா?

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அவள் தானாக ஒரு முறையைக் கண்டுபிடித்தாள். கழுத்திலிருந்து கால்வரை ஒரு பெரிய துண்டைப் போர்த்துவாள். கை மட்டும் துண்டுக்கு அடியில் போகும். ஒரு தோள், ஒரு கை, ஒரு விலா என்று பகுதி பகுதியாகச் சோப்புப் போட்டு, துடைத்து, உலர்த்திவிட்டு அடுத்ததற்கு நகர்வாள். துண்டு ஒரு நொடிகூட விலகாது. பிறகு நகராட்சி வேலையிலும் அதே முறைதான். பயிற்சி வகுப்பில் வேகமாக முடிக்கும் வழி ஒன்றைச் சொல்லித் தந்தார்கள். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள், ஒருநாளும் அதைச் செய்யவில்லை. அவள் கையில் குளித்தவர்களில் ஒருவர்கூட அவள் முன்னால் அம்மணமாக இருந்ததில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு, இருக்கட்டுமே.

அவள் போகும் வீடுகளில் அவளுக்குப் பிடித்தது லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. அங்கே டைப்பிஸ்ட் அம்மா இருந்தாள். நீதிமன்றத்தில் ஆயுள் முழுக்கத் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் போயின. தம்பி ஒருவன் வேறு ஊரில் இருந்துகொண்டு நல்ல நாளில் தொலைபேசியில் விசாரிப்பான். நாக்கை மட்டும் பக்கவாதம் தொடவில்லை. தொடப் பயந்திருக்கும் என்பது குளியலக்காவின் கணிப்பு.

"இந்த ஊர்ல நடந்த பாதி விவாகரத்து என் கையாலதான் நடந்தது, தெரியுமா?" என்பாள் டைப்பிஸ்ட் அம்மா. வெந்நீர் கொஞ்சம் கூடிவிட்டால் என்னை வேகவைத்துத் தின்னப் போகிறாயா என்பாள். குறைந்துவிட்டால், பிணத்துக்கு ஊற்றுகிற தண்ணீரை ஏன் இப்போதே கொண்டுவந்தாய் என்பாள். ஆனால் குளியல் முடிந்து, இடது பக்கம் வகிடெடுத்துச் சீவி, துவைத்த நைட்டி போட்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டால் அவள் முகமே வேறு. அங்கே உட்கார்ந்து தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தீர்ப்பு எழுதிக்கொண்டிருப்பாள். குளியலக்காவும் இரண்டு நிமிடம் கூட உட்கார்ந்து, செருப்புக் கடையில் வேலை பார்க்கும் தன் மகளைப் பற்றிப் புலம்பிவிட்டுத்தான் இறங்குவாள். மகளைவிட இந்த அம்மாவிடம்தான் அவளுக்கு ஒட்டுதல் அதிகம். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அப்படியிருக்கையில் நகராட்சிக்குப் பணம் இல்லாமல் போனது. எங்கே போனது என்று யாரும் சொல்லவில்லை. கடைத்தெரு முனையில் நிறம் மாறும் விளக்குகளோடு ஒரு நீரூற்று அந்த வருஷம்தான் வந்தது, அவ்வளவுதான் ஊருக்குத் தெரியும். மன்றக் கூட்டத்தில் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, சமூக உதவிகள் இனி உண்மையிலேயே தேவைப்படுபவர்களுக்கு மட்டும் என்று முடிவெடுத்தார்கள். இத்தனை காலமும் பொய்யாகத் தேவைப்பட்டவர்களை யாரெல்லாம் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்களோ, தெரியவில்லை. வீட்டுக்கு வீடு ஒரு மதிப்பீட்டாளர் வருவார், கேள்வி கேட்பார், கையிலுள்ள டேப்லெட்டில் மதிப்பெண் போடுவார், அதை வைத்து உதவி கூடும் அல்லது குறையும் என்று உத்தரவு வந்தது.

அந்தத் தேர்வில் ஒரு விசித்திரம். முடியாது என்று சொல்லும் ஒவ்வொன்றுக்கும்தான் மதிப்பெண். எழுந்து நிற்க முடியாது, எடுத்துச் சாப்பிட முடியாது, கழிப்பறைக்குப் போக முடியாது என்று எல்லாப் பாடத்திலும் தோற்றவர்தான் தேறுவார். இதை யாரும் ஊழியர்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை. மதிப்பீட்டாளர் வருகிறார், நோயாளி வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளவும் என்று மட்டும் தகவல் வந்தது. மூன்றாவது மாடியிலிருந்து டைப்பிஸ்ட் அம்மா எங்கே போய்விடப் போகிறாள் என்று குளியலக்கா சிரித்தாள்.

அவளுக்கு அவர் தன்னைப் பார்க்க வருகிற அதிகாரியாகத்தான் பட்டார். தன் வேலையைச் சோதிக்க வருகிறார்கள் என்று நினைத்தாள். விடிந்ததும் விடியாததுமாக டைப்பிஸ்ட் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தலைக்குக் குளிப்பாட்டினாள், நகம் வெட்டினாள், தரையைத் தேய்த்தாள், டயப்பர் கட்டையும் மருந்துக் குப்பியையும் அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். ஜன்னலைத் திறந்து வைத்தாள். அறை கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. அந்த அம்மாவும் சும்மா இருப்பாளா? மதிப்பீட்டாளர் உள்ளே வந்ததும், இடது கையால் மேசையைப் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். குளியலக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மதிப்பீட்டாளர் இளைஞன், மரியாதை தெரிந்தவன். எழுந்து நிற்க முடியுமா என்று கேட்க வேண்டிய அவசியமே அவனுக்கு வரவில்லை. மற்றதையெல்லாம் கேட்டான். எல்லாவற்றுக்கும் அந்த அம்மா, "ஓ, முடியுமே" என்றாள். நீதிமன்றத்தில் வேலை பார்த்தவள் ஒரு அதிகாரி முன்னால் முடியாது என்று சொல்வாளா? போகும்போது அவன் குளியலக்காவைப் பார்த்து, ரொம்ப நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு அவள் அந்த வார்த்தையை மகளிடம்கூடச் சொல்லிக்கொண்டாள்.

உத்தரவு வந்தது. தினமும் போய்க்கொண்டிருந்த வீட்டுக்கு இனி வாரத்தில் இரண்டு நாள் போதும்.

மற்ற நாட்களில் கீழ் வீட்டுக்காரி சாப்பாடு கொண்டுவந்து வைப்பாள். நல்ல மனுஷி, ஆனால் டயப்பர் மாற்ற மாட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது, அவளுக்கும் வயசாகிவிட்டது. ஈரத்திலேயே உட்கார்ந்தும் படுத்தும், டைப்பிஸ்ட் அம்மாவின் பின்புறத்தில் முதுகெலும்பு முடிகிற இடத்தில் முதலில் தோல் சிவந்தது, பிறகு உரிந்தது, பிறகு குழியாயிற்று. குளியலக்கா போகிற இரண்டு நாளும் துடைத்து மருந்து போட்டுக் கட்டுவாள். அடுத்த முறை போகும்போது கட்டு நனைந்து நாறிக்கிடக்கும். இந்தப் புண் எலும்பைத் தொட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. கணவன் போனது அப்படித்தான்.

அலுவலகத்துக்குப் போய்க் கத்தினாள். மேற்பார்வையாளர் அவளைவிட வயதில் சின்னவள். கதவைச் சாத்திவிட்டு உட்கார வைத்தாள். மறுமதிப்பீட்டுக்கு எழுதிப் போடலாம், ஆனால் அதே வீடு அதே மாதிரி இருந்தால் அதே முடிவுதான் வரும் என்று சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நீங்க அவங்களைப் பளபளன்னு வச்சுக் காட்டினா யாரு நம்புவாங்க? இந்தத் தடவை அவர் வர்ற வரைக்கும் தொடாதீங்க. அப்படியே விட்டுடுங்க. கண்ணால பாக்கட்டும்."

குளியலக்கா வெளியே வந்து நெடுநேரம் பேருந்து நிறுத்தத்தில் நின்றாள். இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டாள். இத்தனை நாள் நன்றாகச் செய்ததற்குத் தண்டனை அந்த அம்மாவுக்கு, அந்தத் தண்டனையைக் குறைக்க வேண்டுமானால் இனிமேல் கேவலமாகச் செய்ய வேண்டும். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நகராட்சியை, மன்றத்தை, அந்த நீரூற்றை எல்லாம் வாய்க்கு வந்தபடி முணுமுணுத்தாள்.

டைப்பிஸ்ட் அம்மாவிடம் சொன்னதும் அவள் கொதித்துப் போனாள். அப்படி ஒரு கோபத்தைக் குளியலக்கா அவளிடம் பார்த்ததே இல்லை.

"எனக்கு வேணும்கறதை நான் நேரா நின்னு கேட்டிருக்கேன். நாத்தத்தைக் காட்டி எதையும் வாங்கினதில்ல."

"செத்துப் போயிடுவீங்கம்மா. அந்தப் புண்ணு எலும்புக்கு இறங்கினா அவ்வளவுதான். நான் பாத்திருக்கேன்."

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான், அவனுக்கு அன்றைக்குத் தீர்ப்பு ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில், சரி, உனக்காக என்றாள். மறுமதிப்பீட்டுக்கு எழுதிப் போட்டார்கள், தேதியும் வந்தது. அதற்கு முந்தின வாரம் குளியலக்கா இரண்டு நாளும் போனாள், சோறு ஊட்டினாள், புண்ணுக்கு மட்டும் மருந்து வைத்தாள். வேறு எதையும் தொடவில்லை. படியிறங்கும்போது தன் மேலேயே நாற்றம் அடிக்கிற மாதிரி இருந்தது.

மறுமதிப்பீட்டு நாள் காலையில் கட்டட வாசலில் அதே இளைஞன் நின்றிருந்தான். இருவரும் சேர்ந்தே மாடி ஏறினார்கள். உள்ளே என்ன பார்க்கப் போகிறான் என்று நினைக்கவே அவளுக்குக் கூசியது. அதே சமயம், பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்றும் இருந்தது. கீழ் வீட்டில் வாங்கிவந்த சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தாள்.

டைப்பிஸ்ட் அம்மா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகம் கழுவியிருந்தது. தலை ஈரமாக, வகிடு கோணலாக இருந்தாலும் சீவியிருந்தது. துவைத்த நைட்டியை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தாள். குளியலறை வாசலில் வாளி கவிழ்ந்து கிடந்தது. அங்கிருந்து நாற்காலிவரை தரை முழுக்க ஈரம், நடந்துவந்த ஈரம் இல்லை, இழுத்துக்கொண்டு வந்த ஈரம். இடது கையின் விரல் முட்டிகள் தோல் உரிந்து சிவந்திருந்தன. இருட்டிலேயே ஆரம்பித்திருப்பாள். எத்தனை தடவை விழுந்தாளோ. அந்த இளைஞனைப் பார்த்துச் சிரித்து, "வாங்க சார், உக்காருங்க" என்றாள்.

சரி, உனக்காக என்று ஒத்துக்கொண்டவள் இப்படிச் செய்துவிட்டாள். குளியலக்காவுக்கு வந்தது அழுகையா ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை. மதிப்பீட்டாளர் கேள்விகளை ஆரம்பித்தான். தானாகக் குளிக்க முடியுமா என்றான். இப்போதுதான் குளித்தேன் என்றாள் அந்த அம்மா. அது பொய்யும் இல்லை. அவன் விரலால் தொட்டுத் தொட்டு எதையோ பதிந்துகொண்டே போனான்.

குளியலக்கா குறுக்கே விழுந்தாள். இதெல்லாம் நடிப்பு என்றாள், பெரிய புண் இருக்கிறது என்றாள். டாக்டர் சான்று இருக்கிறதா என்று அவன் கேட்டான். மூன்று மாடி ஏறி எந்த டாக்டர் வந்தார்? புண்ணெல்லாம் ஆறிவிட்டது சார், இவளுக்கு எல்லாமே பெரிசாகத்தான் தெரியும் என்று டைப்பிஸ்ட் அம்மா சிரித்தாள். அவனுக்குச் சங்கடமாக இருந்தது. நல்ல பையன்தான்.

"நான் பாக்கறதைத்தான் போட முடியும்க்கா," என்று சொல்லிவிட்டு எழுந்தான்.

அவன் டேப்லெட்டை மூடப் போகிற அந்த நேரத்தில் குளியலக்காவின் கைகள் முந்திக்கொண்டன. எப்போதும் தூக்குகிற மாதிரியே அந்த அம்மாவின் அக்குளுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். திருப்பி, நாற்காலியின் முதுகைப் பிடிக்க வைத்தாள். டைப்பிஸ்ட் அம்மாவுக்கு விளங்குவதற்குள் நைட்டியை இடுப்புக்கு மேலே தூக்கிவிட்டாள். ஈர டயப்பரை இறக்கினாள். புண்ணின் கட்டைப் பிய்த்தாள். காலை வெளிச்சம் ஜன்னல் வழியாக நேராக அங்கேதான் விழுந்தது.

பிடித்துக்கொண்டிருந்த ஒரே கையை விட்டுவிட்டு அந்த அம்மா நைட்டியைக் கீழே இழுக்கப் பார்த்தாள். விட்டால் விழுவாள். விழவிடாமல் குளியலக்கா தன் தோளால் அவளைச் சுவரோடு அழுத்திக்கொண்டாள். அத்தனை வாய் பேசுகிறவள் வாயைத் திறக்கவே இல்லை. மதிப்பீட்டாளர் பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான், பிறகு மெதுவாகச் சொன்னான்.

"ஒரு படம் எடுக்கணும்க்கா. இல்லாட்டி மேல ஒத்துக்க மாட்டாங்க. கொஞ்சம் அப்படியே பிடிங்க."

முதல் படம் தெளிவாக விழவில்லை. இரண்டாவது எடுத்தான். அதுவரைக்கும் அவள் பிடித்துக்கொண்டு நின்றாள். டைப்பிஸ்ட் அம்மா கண்ணை இறுக மூடியிருந்தாள். குளியலக்கா அந்த முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் நின்றதால், பார்க்காமல் இருக்க வழியில்லை.

இந்தத் தடவை மதிப்பெண் குறைவில்லாமல் வந்தது. தினமும் காலையும் மாலையும் ஆள், வாரம் ஒரு தடவை கட்டுப் போட நர்ஸ், காற்று அடைத்த மெத்தை. கேட்டதற்கு மேலேயே கிடைத்தது. மேற்பார்வையாளர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். ஊழியர் கூட்டத்தில் மற்றவர்களிடமும், வாயால் சொன்னால் போதாது, இருப்பதைக் காட்டுங்கள் என்று உதாரணம் சொன்னாள். குளியலக்கா கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உத்தரவுப்படி முதல் நாள் அவள்தான் போனாள். கதவைத் திறந்ததும் நாலு திட்டு விழும் என்று எதிர்பார்த்து, வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போனாள். திட்டு இல்லை. தண்ணீர் சுட்டதா இல்லையா என்றுகூட அந்த அம்மா சொல்லவில்லை. துண்டைப் போர்த்தி, அடியில் கைவிட்டு, பகுதி பகுதியாகத் துடைத்தாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் திரும்பினாள், தூக்கினால் தூக்கவிட்டாள். தலை சீவி முடித்ததும்தான் வாயைத் திறந்தாள்.

"வேற யாராவது அப்படிப் பண்ணியிருந்தா நல்லாத் திட்டிட்டு மறந்திருப்பேன்டி."

குளியலக்கா காலடியில் உட்கார்ந்து, வேறு வழி தெரியவில்லை அம்மா, செத்துவிடுவீர்கள் என்று பயந்துதான் என்றாள். தெரியும் என்றாள் டைப்பிஸ்ட் அம்மா. அதன் பிறகு, நாளையிலிருந்து வேறு ஆளை அனுப்பச் சொல் என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் கெஞ்சியிருக்கலாம். ஜன்னலைச் சாத்திவிட்டுப் போ என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

அலுவலகத்தில் அவள் தனக்கு மாடி ஏற முடியவில்லை என்று சொல்லி வீட்டை மாற்றிக்கொண்டாள். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தியை அங்கே போட்டார்கள். வெந்நீர் எவ்வளவு சூடு, வகிடு எந்தப் பக்கம், துண்டை எப்படிப் போர்த்துவது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அந்தத் தெரு வழியாகப் போகிற பேருந்தில்தான் அவள் இப்போதும் வேலைக்குப் போகிறாள். மூன்றாவது மாடி ஜன்னலில் அந்த அம்மா உட்கார்ந்திருப்பது தெரியும். ஒருநாள் அண்ணாந்து பார்த்துக் கையைத் தூக்கினாள். மேலேயிருந்து பதில் இல்லை. பிறகு பேருந்தில் அந்த ஜன்னல் தெரிகிற பக்கத்து இருக்கையில் உட்காருவதை விட்டுவிட்டாள். புண் மெல்ல மெல்ல ஆறிவருகிறது என்று புதுப் பெண் சொன்ன அன்றைக்கு மட்டும் அவள் வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டாள்.

உதவியை ஒரு தடவை கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுமா நகராட்சி? அரை வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப மதிப்பீடு உண்டு. டைப்பிஸ்ட் அம்மாவுக்கு அது முடிந்த மறுநாள், கையுறை வாங்க அலுவலகத்துக்கு வந்த இடத்தில் புதுப் பெண்ணைக் குளியலக்கா பார்த்தாள். என்ன ஆயிற்று என்று கேட்பதற்குள் அவளே சந்தோஷமாக ஆரம்பித்துவிட்டாள்.

"நீங்க சொன்ன மாதிரி வாய்த் துடுக்கெல்லாம் ஒண்ணுமில்லக்கா, ரொம்ப அமைதியானவங்க. நேத்து சார் வந்து உக்காரக்கூட இல்ல, இன்னும் ஒண்ணும் கேக்கல. அவங்களே சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்து நைட்டியைத் தூக்கிட்டாங்க. புண்ணு ஆறிடுச்சும்மா, காட்ட வேண்டாம்னு நான் சொல்றேன், கேக்கவே இல்ல. படம் எடுத்தாச்சா, படம் எடுத்தாச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அவர் ஆச்சுன்னு சொன்னப்புறம்தான் இறக்கினாங்க."

இவ்வளவு ஒத்துழைக்கிற ஒருவர் கிடைத்தது தன் அதிர்ஷ்டம் என்றும் சொன்னாள். குளியலக்கா கையுறைப் பெட்டியை வாங்கிக்கொண்டு, நல்லாப் பார்த்துக்கோ என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். சுவரோரமாகத் திரும்பி நின்று, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.